நண்டுக்கு எத்தனை கால்?

கப் கேக்கின் மேல் ஒரு நண்டை இருத்த வேண்டுமென்றால் நண்டுக்கு எத்தனை கால் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். என் குசினி மேசையைச் சுற்றி உட்காரும் பிள்ளைகள் எல்லோரும் வாவிக்கரைப் பிள்ளைகள். நண்டுக் கறியும் சோறும் தின்று வளர்ந்தவர்கள். ஆனாலும் கேட்டால் ஒருவன் ஆறு என்பான், ஒருத்தி எட்டு என்பாள், கொடுக்கையும் காலோடு சேர்த்து எண்ணுவதா இல்லையா என்று சண்டை மூளும். நான் பதில் சொல்வதில்லை. “நாளைக்குச் சந்தைக்குப் போனால் எண்ணிக்கொண்டு வா மனே” என்று அனுப்பிவிடுவேன். மறுநாள் பதில் வரும்: கொடுக்கு இரண்டு, மற்றக் கால் எட்டு, ஆக 10. கண் கூர்மையான பிள்ளை இன்னொன்றும் கொண்டுவரும்: “ரீச்சர், கடைசிக் கால் ரெண்டும் தட்டை.” அதுதான் களப்பு நண்டு நீந்துகிற கால். அதற்குப் பிறகுதான் முறுக்கை உடைத்து, வளைந்த துண்டுகளாகப் பொறுக்கி, கால் வைக்கத் தொடங்குவோம். கடைசிச் சோடிக்கு மட்டும் முறுக்கு இல்லை; கஜுப் பருப்பைப் பிளந்து வைப்போம்.

நான் மட்டக்களப்பில், கல்லடியில் இருக்கிறேன். முன்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கூட விடுமுறை வந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் பழைய மாணவர்களின் பிள்ளைகளும் வீட்டுக்கு வருகிறார்கள். கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் புளியந்தீவிலிருந்து வருகிறவர்கள் உண்டு. காத்தான்குடியிலிருந்தும், வலையிறவுப் பாலம் தாண்டிப் படுவான்கரை வவுணதீவிலிருந்தும் வருகிறவர்கள் உண்டு. ஆறேழு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் சேர்ப்பதில்லை. அதற்கு மேலே போனால் யாராவது ஒரு பிள்ளை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கும். பார்த்துக்கொண்டிருப்பதற்கு என் வீட்டுக்கு வர வேண்டியதில்லை.

பெற்றோர் கைத்தொலைபேசியில் படம் காட்டுவார்கள். சிலந்தி மனிதன், பனி ராணி, ஒற்றைக்கொம்புக் குதிரை. பிள்ளைகளுக்கு அவை பிடிக்கும், எனக்கும் வெறுப்பில்லை. ஆனால் அந்தப் படத்தை யாரோ ஒருவர் ஏற்கனவே முடித்து வைத்துவிட்டார். பிள்ளைக்கு மிஞ்சுவது அதைப் பார்த்து அப்படியே செய்வது. ஒத்து வராவிட்டால் அழுவது. கண்ணுக்கு எதிரே 56 கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு வாவி கிடக்கிறது. அதில் நண்டும் இறாலும் மீன்கொத்தியும் முதலையும் தோணியும் கண்டல் மரமும் இருக்கின்றன. அதைக் கேக்கில் செய்யப் புறப்பட்ட பிள்ளை, அதைப் பார்க்கத்தான் வேண்டும். பார்க்க வைப்பதற்காகவே நான் கேக் சுடுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

கேக் இந்த ஊருக்குப் புதிதல்ல. புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628இல். ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638இல். அவர்கள் வழிவந்த பறங்கியர் குடும்பங்கள் இன்றும் மட்டக்களப்பில் வாழ்கின்றன. போர்த்துக்கேயக் கலப்பு மொழியைப் பேசுகிற மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நத்தார் வந்தால் லவ் கேக் மணக்கும். ரவை, இடித்த கஜு, முட்டை, தேன், பன்னீர், பூசினித் தோசி, ஏலம், கறுவா என்று சாமான் சேர்ப்பதற்கே பல நாள் பிடிக்கும். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் ஓவன் இல்லை. பாண் சுட்டு முடிந்து, போறணை சூடு தணியத் தொடங்கும் நேரம் பார்த்து, பேக்கரிக்குக் கேக் தட்டைச் சுமந்து போவார்கள். தட்டு மாறிப் போகாமல் இருக்கப் பேர் எழுதிய துண்டு ஒன்று ஒட்டியிருக்கும்.

அந்தக் கேக் முழுக்கப் பெரியவர்களின் வேலை. பிள்ளைகளுக்குக் கிடைத்தது கஜு இடிக்கிறதும், துண்டு சுற்றுவதற்குக் கலர் பேப்பர் வெட்டுகிறதும்தான். வெட்டி, சுற்றி, எண்ணி, இன்ன வீட்டுக்கு இத்தனை என்று பிரித்த பிறகு ஒரு துண்டு கைக்கு வரும். கப் கேக்கில் நிலைமை வேறு. ஒரு பிள்ளைக்கு ஒரு கேக், அதுவும் முழுதாக. மாவு ஊற்றுவது முதல் மேலே கண் வைப்பது வரை தொடக்கமும் முடிவும் ஒரே கையில் நடக்கும். சிறிய கோப்பைகளில் கேக் சுடும் குறிப்பு 1796இல் அமெரிக்காவில் அமீலியா சிம்மன்ஸ் வெளியிட்ட சமையல் நூலிலேயே இருக்கிறது. சிறிதாக இருந்தால் விரைவாக வேகும், கருகுகிற அபாயமும் குறைவு. பிள்ளைகளுக்குப் பொறுமை குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20 நிமிடம் காத்திருப்பார்கள். ஒரு மணி நேரம் காத்திருக்கமாட்டார்கள்.

அளவு இதுதான். 12 சிறிய கேக்குக்கு மாஜரீன் அல்லது பட்டர் 125 கிராம், சீனி 125 கிராம், கோதுமை மா 125 கிராம், முட்டை இரண்டு, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் கூட, பால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி, வனிலா அரைத் தேக்கரண்டி. மூன்று சாமானும் ஒரே நிறை என்பதால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் மறக்காது. நான் தராசு வைத்துத்தான் நிறுக்க வைப்பேன். கோப்பையால் அளந்தால் ஒரு பிள்ளை மாவை அமுக்கி அளக்கும், இன்னொன்று தூவி அளக்கும். இரண்டும் ஒரு கோப்பைதான், நிறை வேறு. தராசின் முள் 125இல் நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும் பிள்ளையின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் பாடத்தில் அந்த முகம் வராது.

நம் கடைச் சீனி பரல் பெரியது. கிரைண்டரில் ஒரு சுற்றுச் சுற்றிப் பாதித் தூளாக்கிக்கொள்ள வேண்டும். முழுத் தூளாக்கக் கூடாது. ஏனென்றால் சீனியையும் மாஜரீனையும் சேர்த்து அடிக்கும்போது சீனிப் பரலின் விளிம்புதான் கொழுப்பைக் கீறி உள்ளே காற்றுக் குமிழிகளை வைக்கிறது. கேக் எழும்புவதன் பாதி இரகசியம் இங்கே இருக்கிறது. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி உண்டாக்குவதில்லை. நாங்கள் அடித்து வைத்த குமிழிகளுக்குள் வாயுவை நிரப்பிப் பெருப்பிக்கிறது, அவ்வளவே. அதனால் கை மாற்றிக் கை மாற்றி, மஞ்சள் வெளிறிக் கிட்டத்தட்ட வெள்ளையாகும்வரை அடிக்கிறோம். பேக்கிங் பவுடருக்கும் ஒரு கதை சொல்வேன். இங்கிலாந்தில் அல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரரின் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. மனைவிக்காக 1843இல் பேர்ட் செய்த கலவை அது. முட்டையும் மனைவிக்கு ஆகாது என்பதால் முட்டை இல்லாத கஸ்டர்ட் பவுடரையும் அதற்கு முன்னரே செய்திருந்தார். பிள்ளைகளுக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும். “அந்த அம்மா பிறகு கேக் திண்டாவா ரீச்சர்?” என்று கேட்காத வகுப்பே இல்லை.

முட்டை உடைப்பது ஐந்து வயதுக்கு மேல். ஒவ்வொன்றையும் தனிக் கோப்பையில் உடைத்துப் பார்த்துத்தான் கலவையில் ஊற்ற வேண்டும். ஓடு விழுந்தால் பெரிய ஓட்டுத் துண்டாலேயே அதை எடுக்கலாம், விரலுக்கு அகப்படாது. முட்டை குளிர்ப்பெட்டியிலிருந்து நேரே வந்தால் மாஜரீன் இறுகிக் கலவை திரிந்துபோகும். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பேப்பர் கப்பை ஒவ்வொன்றாகப் பிரித்துக் குழியில் வைக்கும் வேலை. அது சாதாரண வேலை அல்ல. ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கப்பைப் பிரிக்க அந்தச் சிறு விரல்கள் படும் பாடு பெரிது. நானோ தாயோ நடுவில் கை நீட்டக் கூடாது.

மாவைப் போட்ட பிறகு அடிக்கக் கூடாது. இதுதான் பிள்ளைகளுக்குப் புரிய வைக்கக் கஷ்டமான இடம், ஏனென்றால் அதுவரை “அடி, அடி” என்று சொன்னவளும் நான்தான். திருகோணமலையில் 1980 முதல் இயங்கும் பிறிமா ஆலையின் மாவுதான் எங்கள் வீடுகளில் பெரும்பாலும் புழங்குகிறது. ரொட்டிக்கும் பாணுக்கும் நன்றாக இழுபடும் மாவு அது. அந்த இழுவை கேக்குக்கு வேண்டாம். மாவில் இரண்டு மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு அந்த அளவுக்குச் சோளமா சேர்த்து, மூன்று முறை அரித்து, மரக் கரண்டியால் மெல்ல மடித்துக் கலந்தால் போதும். அதிகம் கலக்கினால் கேக்கின் தலை கூம்பிப் போகும், வெட்டினால் உள்ளே நீளமாகப் பொந்து தெரியும். கூம்பிய தலையில் வாவி நிற்காது, வழிந்துவிடும். கப்பின் மூன்றில் இரண்டு பங்கு ஊற்றி, 180 பாகையில் 18 முதல் 20 நிமிடம். தென்னோலை ஈர்க்கை நடுவில் குத்தி எடுத்தால் சுத்தமாக வர வேண்டும்.

ஓவன் இல்லாதவர்கள் இந்த இடத்தில் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கனத்த அலுமினியச் சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு ஆற்று மணல் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடி போட்டு நடுத்தர நெருப்பில் 15 நிமிடம் காய விட்டால் அது ஒரு சிறு போறணை. மூடியின் மேல் ஒரு கல்லை ஏற்றி வையுங்கள். கேக் வேக 25 முதல் 30 நிமிடம் ஆகும், அடி கொஞ்சம் கூடச் சிவக்கும். ஆவியிலும் அவிக்கலாம். வட்டிலப்பம் அவிக்கும் சிறு கிண்ணங்கள் இதற்கு மிக நல்லவை. பேப்பர் கப் மட்டும் போட்டால் நனைந்து சரிந்துவிடும். மூடிக்குக் கீழே ஒரு துணியைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் ஆவி நீர் சொட்டிக் கேக்கின் மேல் பள்ளம் விழும். அவித்த கேக் சிவக்காது, வெளிறிய மஞ்சளாக, ஈரப்பதமாக இருக்கும். மேலே ஐசிங் வரப்போகிறது என்பதால் நிறம் எனக்குக் கவலையில்லை. 2022இல் சமையல் எரிவாயு கிடைக்காமல், ஏப்ரல் கடைசியில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறி, அதற்கு முன்னரே நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டும் வந்த காலத்தில் விறகடுப்பில் ஆவியில் அவித்த கேக்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. மாவும் முட்டையும் கிடைப்பது அரிதாக இருந்தது. அப்போது ஒரு பிள்ளைக்கு ஒன்றுதான், அதையும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தம்பி தங்கச்சியோடு பங்கு வைப்பார்கள்.

வெள்ளிக்கிழமையில் முட்டை தொடாத வீட்டுப் பிள்ளைகளுக்கு, கந்தசஷ்டி விரத காலத்தில் வருகிறவர்களுக்கு, எங்கள் எருமைத் தயிர் இருக்கிறது. 190 கிராம் மாவுக்கு ஒரு கோப்பை தயிர், 150 கிராம் சீனி, அரைக் கோப்பை எண்ணெய், பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி. தயிரின் புளிப்பும் அப்பச்சோடாவும் சேர்ந்ததும் நுரைத்துப் பொங்கும். அந்தக் கிண்ணத்தைச் சுற்றி எல்லாத் தலையும் கூடிவிடும். நுரை அடங்குவதற்குள் ஊற்றி அடுப்பில் ஏற்ற வேண்டும், அதற்கு ஓட்டமும் நடையுமாக ஒரு கலவரம் நடக்கும்.

இனி வாவிக்கு வருகிறேன்.

எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் தண்ணீர் நீலம் என்றுதான் சொல்லும். சித்திரப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. கரைக்குக் கூட்டிப்போய் நிற்க வைத்தால் சிறிது நேரம் கழித்துத்தான் யாராவது சொல்வார்கள், “பச்சை ரீச்சர்”. “இல்ல, அங்கால மண்ணிறம்.” “கண்டலுக்குக் கீழ கறுப்பு.” மழைக்குப் பிறகு ஒரு நிறம், கச்சான் காற்றுக் காலத்தில் ஒரு நிறம். நீலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் திரும்பி நடந்து கடலுக்குப் போக வேண்டும். கல்லடியில் இரண்டும் கூப்பிடு தூரத்தில் இருப்பது எங்கள் அதிர்ஷ்டம்.

அந்தப் பச்சையைப் போத்தல் கலர் இல்லாமல் செய்யலாம். வேலியில் படர்ந்திருக்கும் நீலச் சங்குப்பூவில் 15 பூவைப் பறித்து, காம்பும் பச்சையும் நீக்கி, ஒரு கோப்பை வெந்நீரில் ஊற விட்டால் கடும் நீலச் சாறு இறங்கும். கடற்பாசித் தூள் ஒரு தேக்கரண்டியும் சீனி இரண்டு மேசைக்கரண்டியும் அதில் போட்டு மூன்று நிமிடம் கொதிக்க விட்டு, தட்டையான தட்டில் மெல்லியதாக ஊற்றுங்கள். கடற்பாசி நோன்பு காலத்தில் காத்தான்குடி வீடுகளில் பால் ஊற்றியும் கலர் ஊற்றியும் துண்டு போட்டு வைக்கும் பண்டம். இதைக் கேக்கில் வைக்கலாம் என்று எனக்குச் சொன்னது அங்கே இருக்கும் என் தோழிதான். மட்டக்களப்பு வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான சாமான் இல்லை. மாட்டெலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். கடற்பாசி 35, 40 பாகையிலேயே உறைந்துவிடும். திரும்ப உருக்க வேண்டுமென்றால் 85 பாகைவரை சூடாக்க வேண்டும். சித்திரை வெயிலில் மேசையில் வைத்தாலும் அசையாது.

உறைந்த நீலத் தகட்டைக் கண்ணாடிக் குவளையின் வாயால் வட்டமாக வெட்டுவது பிள்ளைகளின் வேலை. கேக்கின் மேல் மாஜரீன் ஐசிங்கை மெல்லப் பூசி, அந்த வட்டத்தை மேலே வைக்க வேண்டும். மாஜரீன் மஞ்சள், கடற்பாசி நீலம். மஞ்சளுக்கு மேலே நீலம் இருந்தவுடன் பச்சை தெரியும். கரையில் அவர்கள் பார்த்த அதே பச்சை. நான் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதல் பிள்ளை வட்டத்தை வைத்ததும் எழும்பும் சத்தத்தைக் கேட்பதற்காகவே வாயை மூடிக்கொண்டிருப்பேன். இன்னொரு பாதிச் சாற்றில் தேசிக்காய்ப் புளி நாலு சொட்டு விட்டால் நீலம் ஊதாவாகும். சங்குப்பூவின் நிறப்பொருள் புளிப்புப் பட்டால் மாறும் இயல்புடையது. எங்கள் பக்கத்தில் சூரியன் வாவிக்கு அப்பால், படுவான்கரையில் விழும். அந்த நேரத்து வாவிக்கு ஊதா. காலை வாவியா, மாலை வாவியா என்பதை ஒவ்வொரு பிள்ளையும் தானே தீர்மானிக்கலாம்.

வாவி அமைந்த பிறகு கரை வேண்டும். மாரி பிஸ்கட்டை பொலித்தீன் பையில் போட்டு உருட்டுக்கட்டையால் நொறுக்கினால் மணல். கொக்கோ கலந்த ஐசிங்கைச் சிறு துளையால் பிழிந்தால் கண்டல் வேர். வேர் தண்ணீருக்குள்ளேயே கிளைவிட்டு இறங்க வேண்டும், கண்டலைப் பார்த்த பிள்ளை மரத்தை ஒற்றைத் தண்டாக நிறுத்தாது. முகத்துவாரத்துப் பாலமீன்மடு வெளிச்சவீடு 1913இல் கட்டப்பட்டது. வேஃபரை நிறுத்தி வெள்ளை பூசினால் அது வந்துவிடும். கல்லடிப் பாலம் ஒருவரால் முடியாது. கேக்குகளை வரிசையாக அடுக்கி, எல்லோரும் சேர்ந்து அதன் மேலே பிஸ்கட் பாதை போட வேண்டும். தேசாதிபதி வில்லியம் மானிங்கின் மனைவி பேரில் 1924இல் எழுந்த பழைய இரும்புப் பாலத்தைத்தான் பிள்ளைகள் கேட்பார்கள், 2013இல் திறந்த புதியதை அல்ல. பழையதில் கம்பிகள் இருக்கின்றன, ஐசிங்கால் இழுக்க நிறைய வேலை இருக்கிறது, காரணம் அவ்வளவுதான்.

பாடும் மீன் என்றால் ஒரு விவாதமே நடக்கும். 1859இல் வெளிவந்த தன் இலங்கை நூலில் எமர்சன் டெனன்ட் எங்கள் வாவிக்குள்ளிருந்து எழும் ஒலியைப் பற்றி எழுதியிருக்கிறார். இரவில் தோணியில் போய்க் கேட்டபோது, ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் மெல்லிய ஒலியை அது அவருக்கு நினைவூட்டியது. அவரிடம் மீனவர்கள் சொன்னது மீனை அல்ல, ஊரி என்ற நத்தையை. மீனா ஊரியா என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை, என் மேசையில் ஓயவே ஓயாது. மீன் கட்சிக்காரர்கள் கஜுப் பருப்பைப் பிளந்து வாலிலிருந்து தலைக்கு ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில் அடுக்குவார்கள். தலையிலிருந்து தொடங்கினால் செதில் எதிர்ப்பக்கம் தூக்கி நிற்கும். மீன் கழுவுகிற வீட்டுப் பிள்ளைக்கு இது கை கண்ட பாடம். ஊரிக் கட்சிக்காரர்களுக்கு வேலை சுலபம். நட்சத்திர வாய் வைத்த பையை நிமிர்த்திப் பிடித்து, வெளியிலிருந்து உள்ளே சுற்றிக்கொண்டே உயர்த்தினால் ஊரி தானாக வந்துவிடும். பை இல்லையென்றால் தடித்த பொலித்தீன் பையின் மூலையைக் கத்தரியுங்கள். கண்ணாடிக் குவளைக்குள் பையை நிறுத்தி, விளிம்பை வெளியே மடித்துவிட்டு நிரப்பினால் சிந்தாது. பாதிக்கு மேல் நிரப்பினால் பிள்ளையின் கைக்கு அடங்காது.

ஐசிங் இங்கே தனிக் கலை. வெளிநாட்டுப் புத்தகங்களில் பட்டரும் ஐசிங் சீனியும் ஒன்றுக்கு இரண்டு என்று போட்டிருக்கும். பட்டர் 32, 35 பாகையில் உருகத் தொடங்கும் சாமான். எங்கள் ஊர் மதியமும் ஏறக்குறைய அதே சூடு. கேக்கின் மேல் செய்த முதலை பத்து நிமிடத்தில் சேற்றில் படுத்துவிடும். அதனால் மாஜரீன்தான், அதையும் காலை எட்டு மணிக்குள், வெயில் ஏறுமுன் பூசி முடிக்க வேண்டும். பிள்ளைகளின் உள்ளங்கைச் சூடும் பையை இளக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பையைக் கீழே வைத்து ஈரத் துணியில் கை துடைக்கச் சொல்வேன். டிசெம்பர் விடுமுறையில் தொல்லை வேறு. வடகீழ்ப் பருவ மழையில் காற்றெல்லாம் ஈரம். சீனி அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சீனிப் பசையில் பிடித்த உருவங்கள் வியர்த்து வழுக்கும். அந்த மாதத்தில் கடற்பாசி, பிஸ்கட், கஜு, முறுக்கு ஆகியவற்றை நம்பலாம். முறுக்கையும் பிஸ்கட்டையும் கடைசி நேரத்தில்தான் வைக்க வேண்டும், முன்னரே வைத்தால் நமத்துவிடும்.

சில காரியங்களில் நான் கண்டிப்பு. பச்சைக் கலவையை நக்க விடுவதில்லை. முட்டையில் மட்டுமல்ல, வேகாத மாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம். அதே காரணத்தால் பச்சை வெள்ளைக்கருவில் செய்யும் ஐசிங்கும் சிறு பிள்ளைகளுக்கு இல்லை. ஐசிங் சீனியைக் கொஞ்சம் பாலில் குழைத்தாலே பூச்சுக் கிடைக்கும். செயற்கை நிறங்களைக் கூடியவரை விலக்கியே வைக்கிறேன். டார்ட்ராசின், சன்செட் யெலோ முதலிய ஆறு நிறங்களைப் பற்றி இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் நடந்த ஆய்வு 2007இல் வந்தது. பிள்ளைகளின் துருதுருப்பையும் கவனத்தையும் அவை பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை 2010 முதல் ஐரோப்பாவில் பொதியிலேயே அச்சிட வேண்டும். நமக்கு மஞ்சளும் பீட்றூட்டும் றம்பை இலையும் பசளிப் பழமும் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. மார்ஷ்மெலோ, ஜெலி மிட்டாய் வாங்கினால் ஜெலட்டின் எதிலிருந்து என்று பார்க்க வேண்டும். முஸ்லிம் பிள்ளையும் சைவப் பிள்ளையும் ஒரே மேசையில் இருக்கிறார்கள், ஒருவருக்கும் “நீ இதைத் தொடாதே” என்று சொல்லும் நிலை வரக் கூடாது. கடற்பாசி இந்தச் சிக்கலையும் தீர்த்துவிட்டது. கஜு ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று தாயிடம் முதல் நாளே கேட்டுவிடுவேன். இருந்தால் அன்று யாருக்கும் கஜு இல்லை, செதிலுக்குப் பூசினி விதை.

இதெல்லாம் ஒரு விளையாட்டுக்கு இவ்வளவா என்று சிலர் கேட்கிறார்கள். இந்த ஊரில் பிள்ளைகளின் கைவேலையைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் எனக்கு முன்னரே இருந்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த 1996இல் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் யேசுசபைக் குருவான போல் சற்குணநாயகமும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளை வாகனத்தில் அழைத்துவந்து, களிமண் பிசையவும் நிறம் தீட்டவும் கதை கட்டவும் செடி வளர்க்கவும் விட்டார்கள். பார்க்கக் கூடாததைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். பிறகு 2004 டிசெம்பர் 26இல் சுனாமி வந்தது. நாவலடியும் டச்பாரும் கல்லடிக் கரையும் என்ன ஆயின என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது இறந்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். என் மேசையில் உட்காருகிறவர்களின் வீடுகளில் இந்த ஆண்டுகளில் ஏதோ ஒன்று இருக்கிறது. நான் அதைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச்செடுப்பதில்லை. அவர்கள் எடுத்தால் கேட்டுக்கொண்டே ஐசிங்கைப் பிழிவேன். கை வேலையில் இருக்கும்போது பிள்ளைகள் பேசுவார்கள். முன்னால் உட்கார வைத்துக் கேட்டால் பேசமாட்டார்கள். முன்பள்ளியில் களிமண் மேசையில் இதை அறிந்துகொண்டேன், கேக் மேசையிலும் அது மாறவில்லை. ஒருமுறை ஒரு சின்னவன் தன் வாவியில் தோணி ஒன்றை வைத்து, அதில் ஒரு கஜுவை நிறுத்தினான். “இது எங்கட அப்பப்பா. நான் காணல்ல, ஆனா இவர் நல்லா வலை வீசுவாராம்.” மற்றப் பிள்ளைகள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவள் தன் கேக்கிலிருந்து ஒரு மீனை எடுத்து அந்தத் தோணிக்குள் போட்டாள்.

பிள்ளையின் கேக்கைப் பெரியவர்கள் திருத்தக் கூடாது. கண் கோணலாக இருக்கட்டும், முதலைக்கு ஐந்து கால் இருக்கட்டும். எண்ணிப் பார்த்துத்தான் ஐந்து வைத்தாயா என்று கேட்கலாம்; நாமாக ஒன்றைப் பிடுங்கக் கூடாது. படம் எடுத்து அனுப்புவதற்காகத் தாய்மார் கடைசி நிமிடத்தில் கரண்டியோடு வருவார்கள், அவர்களுக்கு நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்து விறாந்தையில் இருத்திவிடுவேன்.

வீட்டுக்குக் கொண்டுபோவதற்கும் வழி இருக்கிறது. பேக்கரிகளில் வாங்கக்கூடிய அட்டைப் பெட்டியில், கேக்குகளுக்கு இடையே கசக்கிய தாளைச் செருகிவிட்டால் சாயாது. மாஜரீன் ஊரி வைத்தது பாலம் தாண்டிப் புளியந்தீவு வரைக்கும் தாங்கும். வவுணதீவுக்கு பஸ்ஸில் போகும் பிள்ளைக்குக் கடற்பாசி வாவிதான் சரி. எறும்புக்குப் பயந்தால் பெட்டியைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் கிண்ணம் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள். குளிர்ப்பெட்டி உள்ள வீட்டில் இரண்டு நாள் இருக்கும், இல்லாத வீட்டில் அன்று மாலைக்குள் தின்று முடித்துவிட வேண்டும்.